கோட்டைக்குள்ளிருந்து கடல் தெரியாது

"செருப்பைக் கழட்ட வேணுமே?" என்று அண்ணை கேட்டார்.

கோட்டை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அகழியைக் கடந்ததும், மதிலுக்குள் குகை மாதிரி ஒரு வழி உள்ளே போகும். அதற்கு முன்னால்தான் அண்ணை நின்றுவிட்டார். காலை வெயிலே பிடரியில் சுட்டது. பாடசாலைப் பிள்ளைகள் கூட்டமொன்று ஐஸ்பழம் நக்கியபடி எங்களைத் தாண்டி உள்ளே போனது.

"இது கோயில் இல்லை, அண்ணை. கழட்டத் தேவையில்லை."

தலையை ஆட்டினார். ஆனால் கால் நகரவில்லை. பிரான்சின் குளிரில் இத்தனை வருடம் கிடந்த உடம்பு. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"அப்ப கழட்டச் சொன்னவங்கள். இந்த வாசலிலை ஒரு குவியல் கிடந்தது. விடேக்கை என்ரை சோடியைத் தேடினன், இல்லை. வேற ஆரின்ரையோ செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வீட்டை வந்தனான்."

நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். பிடித்தது அவருக்காகவா எனக்காகவா என்று இன்றைக்கும் தெரியாது. உள்ளே போனோம்.

அகழிக்கு இந்தப் பக்கம்

இந்தத் தொடரில் யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றி நான் இதுவரை எழுதவில்லை. குருநகரில் பிறந்து, குருநகரில் வாழ்ந்து, கோட்டையைச் சுற்றித்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வந்தேன். அப்படியிருந்தும் ஏன் ஒரு வரிகூட இல்லை என்று வாசகர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

உண்மை என்னவென்றால், அறுபது வயது தாண்டும்வரை நான் அதற்குள் கால் வைத்ததே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு இங்கே ஒரு சுற்று உண்டு: நல்லூர், கீரிமலை, கோட்டை. கோட்டைக்கு வரும்போது நான் அகழிக்கு இந்தப் பக்கம் நின்று ஓட்டோக்காரரோடு கதைத்துக்கொண்டிருப்பேன். உள்ளே போனவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். "வடிவா இருக்கு" என்பார்கள். நானும் "ஓம்" என்பேன்.

வெறுப்பு என்று சொல்லமாட்டேன். களைப்பு. ஒரு கட்டடத்தைப் பார்த்தே ஆள் களைத்துப் போகலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் படையினர் இருந்த காலம். ஒரு விடியற்காலையில் எங்கள் பகுதியைச் சுற்றி வளைத்து இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணையும் அதில் ஒருவர். ஒன்றிலும் சேராதவர். கிழிந்த வலை பொத்தவும், பந்தடிக்கவும், பூசைக்குப் பிந்திப் போகவும் மட்டும் தெரிந்தவர்.

அன்றிலிருந்து அம்மாவும் நானும் ஒவ்வொரு நாளும் கோட்டை வாசலுக்குப் போனோம். கிட்டப் போக விடமாட்டார்கள். தெருவின் இந்தக் கரையில் ஒரு வாகை மரம் நின்றது. அதன் கீழே தாய்மார் கூட்டம். சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அந்த மதிலையே பார்த்துக்கொண்டிருப்பார். பின்னேரம் பார்சல் புளித்துவிடும். வரும் வழியில் நாய்களுக்குப் போட்டுவிட்டு வருவோம். ஒரு கட்டத்தில் நாய்கள் எங்களைக் கண்டால் வாலாட்டத் தொடங்கிவிட்டன.

சில கிழமைகளுக்குப் பிறகு அண்ணையை விட்டார்கள். வந்தவர் வீட்டில் பத்து நாள்கூடத் தங்கவில்லை. மாமா ஒருவர் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து பிரான்ஸ். பிறகு அண்ணை என்றால் எங்களுக்குத் தொலைபேசிக் குரல்தான்.

உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கந்தோர், யன்னல்

இந்த முறை அண்ணை வந்தது அம்மாவுக்காக. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆசுப்பத்திரியில் கிடந்து, இப்போது வீட்டில் சாய்வுக் கதிரையும் கட்டிலுமாக இருக்கிறார் அம்மா. வந்த அண்ணை முதல் கிழமை முழுவதும் அம்மாவின் காலடியிலேயே இருந்தார். ஒரு நாள் காலையில் புட்டைப் பிசைந்துகொண்டே, பக்கத்துக் கடைக்குப் போவது மாதிரி, "கோட்டையை ஒருக்கால் பார்த்திட்டு வருவமே?" என்றார்.

மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்தவள் கௌசி என்ற பெண். தொல்லியல் படித்தவள். இணுவிலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறாள். நல்ல பிள்ளை. வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, மனப்பாடம் என்று தெரியாதபடி சொன்னாள்.

முதலில் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். அது நான்கு மூலைக் கோட்டை. ஒல்லாந்தர் வந்து அதைப் பிடித்து, இடித்து, ஐந்து மூலையாகக் கட்டினார்கள்.

"ஏன் அஞ்சு?" என்று அண்ணை கேட்டார்.

"ஒரு மூலையிலை நிண்டு பார்த்தா அடுத்த மூலை வரைக்கும் முழுச் சுவரும் தெரியும், அங்கிள். ஆரும் ஒளிச்சு நிண்டு ஏற ஏலாது."

எல்லாம் முருகைக்கல். கடலிலிருந்து வெட்டி எடுத்தது. வெட்டியதும் சுமந்ததும் எங்கள் சனம், கூலி இல்லாத ஊழியம். மதிலைக் கிட்ட நின்று பார்த்தால் கல்லுக்குள் சிப்பியும் பூப்போன்ற கோலங்களும் தெரிகின்றன. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களுக்குச் சண்டையே தேவைப்படவில்லையாம். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் இந்த இடம் ஒரு துறைமுகமாக இருந்திருக்கிறது. தோண்டியபோது எங்கெங்கோ தேசத்துப் பானை ஓடுகள் வந்தனவாம்.

வந்தவர்கள் விட்டுப்போன சொற்களைப் பற்றியும் சொன்னாள். கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, யன்னல் எல்லாம் போர்த்துக்கேயர் தந்தவை. அலுவலகத்தைச் சொல்லும் கந்தோர் ஒல்லாந்தருடையது. நான் இதில் கொஞ்சம் நின்றுவிட்டேன். தபால் கந்தோரில் முத்திரை குத்தியே காலத்தைக் கழித்தவள் நான். கந்தோருக்குப் போகிறேன் என்று ஒவ்வொரு காலையும் சொன்ன சொல்லும் இந்த மதிலுக்குள்ளிருந்துதான் வந்திருக்கிறது.

இடிந்துபோன தேவாலயத்தின் கற்குவியலுக்கு வந்தபோது கௌசி சொன்னாள்: "பிறகு யுத்தத்திலை சேதமாப் போச்சு. இப்ப திருத்த வேலை நடக்குது."

போர்த்துக்கேயருக்கு ஒரு அத்தியாயம், ஒல்லாந்தருக்கு இரண்டு. எங்களுக்கு ஒரு வசனம். அந்த ஒரு வசனத்துக்குள் அம்மாவும் நானும் வாகை மரமும் நாய்களும் நின்றோம். அவளைக் குறை சொல்ல வரவில்லை. அவள் பிறந்ததே அதற்கெல்லாம் பிறகுதான்.

இல்லாத யன்னல்

அண்ணை சரித்திரத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்தேன். அவருடைய கண் வேறெங்கோ அலைந்துகொண்டிருந்தது.

"பிள்ளை, இஞ்சை ஒரு நீட்டு அறை இருந்தது. ஓதம் பிடிச்ச சுவர். கடல் பக்கமா ஒரு யன்னல். அது எங்கை?"

கௌசி யோசித்தாள். எங்களை ஒரு ஓரமாகக் கூட்டிப் போனாள். அத்திவாரமும் முழங்கால் உயரத்துக்குச் சுவரும் மட்டும் மிச்சமிருந்தன. நடுவில் எருக்கலை முளைத்துப் பூத்திருந்தது.

"நீங்கள் சொல்லுறதைப் பார்த்தா இந்தக் கட்டடமாத்தான் இருக்க வேணும், அங்கிள்."

அண்ணை அத்திவாரத்துக்குள் ஏறி நின்றார். மெல்லத் திரும்பினார். கடல் இருக்க வேண்டிய திசையில் பார்த்தார். எதிரே புல் முளைத்த மண்மேடும் அதன் மேல் மதிலும்தான் நின்றன.

"இதிலையிருந்து கடல் தெரியும்," என்றார்.

"இல்லை, அங்கிள். தெரியாது."

"நான் பார்த்தனான் பிள்ளை."

"மதில் எவ்வளவு உயரம் பாருங்கோ. உள்ளுக்கை கீழை எங்கை நிண்டாலும் மதில்தான் தெரியும். கோட்டை கட்டினதே அப்பிடித்தான்."

அவள் கெட்டித்தனம் காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அண்ணை அந்தச் சுவரிலேயே குந்திவிட்டார்.

"அப்ப நான் பொய்யே சொல்லுறன்?"

யாரையும் பார்த்து அவர் கேட்கவில்லை. கௌசி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினேன். வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இந்த வெயிலில், இந்த வயதில், இல்லாத ஒரு யன்னலைத் தேடி ஏன் வர வேண்டும்?

"அங்கை பிரான்சிலை நித்திரை வராட்டி அந்த யன்னலைத்தான் நினைப்பன்," என்றார் அண்ணை. "பாரிசிலை சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவேக்கையும் அதைத்தான் நினைச்சனான். அது இல்லையெண்டா பிறகு என்ன இருக்கு?"

"யன்னலாலை என்னத்தைப் பார்த்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"அப்பாவை."

எனக்கு விளங்கவில்லை. "எந்த அப்பாவை?"

"எங்கடை அப்பாவைத்தான். விடியக்காலமை வள்ளத்திலை வந்து நிப்பார். உங்களுக்குத் தெரியும்தானே?"

"எங்களுக்கு ஒண்டும் தெரியாது, அண்ணை."

போத்தலை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

மதிலின் மேலே

மேலே ஏறிப் பார்க்கலாம் என்று கௌசிதான் சொன்னாள். அண்ணையின் முழங்கால் மோசம், என்னுடையது அதைவிட மோசம். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம். பாடசாலைப் பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

மேலே வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. ஆழமில்லாத பரவைக் கடல் தகரம் மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. அங்கால் மண்டைதீவின் பச்சைக் கோடு. பண்ணைப் பாலத்தில் ஒரு பஸ் ஊர்ந்தது. கிழக்கே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், எங்கள் கரையும் வள்ளங்களும்.

அண்ணை மதிலின் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்தார். சூடு பட்டிருக்கும், எடுக்கவில்லை. அப்படியே ஓரமாக நடந்துகொண்டு போனார். ஒரு இடத்தில் நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து, தோளில் எதையோ சுமப்பவர் மாதிரி ஒருபக்கம் சாய்ந்தார்.

"மண் மூட்டை," என்றார்.

"என்ன அண்ணை?"

"காலமையிலை எங்களை மேலை கொண்டந்து மண் மூட்டை அடுக்க விட்டவங்கள். அதை மறந்தே போனன். இஞ்சைதான் அடுக்கினனாங்கள். ரெண்டு மூட்டைக்கு நடுவிலை ஒரு நீக்கல் இருந்தது. அதுக்குள்ளாலைதான் பார்த்தனான். யன்னல் இல்லை, பிள்ளை. நீ சொன்னது சரி. நீக்கல்."

அவர் சிரித்தார். கண்ணீரும் வந்தது. கௌசி குடையை அவர் பக்கம் சரித்துப் பிடித்தாள்.

பிறகு அவர் சொன்னார். பரவைக் கடலில், கிட்ட வரக்கூடாத இடத்தில், ஒரு வள்ளம். முதல் நாள் யாரோ வழி தவறி வந்துவிட்டான் என்றுதான் நினைத்திருக்கிறார். இரண்டாம் நாள் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் அப்பாவுக்கு வலது கால் கொஞ்சம் குட்டை. கோல் ஊன்றும்போது உடம்பு முழுவதும் இடப்பக்கம் சரிந்து நிமிரும். குருநகரில் வேறு யாரும் அப்படி வள்ளம் விடமாட்டார்கள்.

"வலை போடுறமாதிரிக் காட்டிக்கொண்டு நிப்பார். ஆனா வலையைப் பார்க்கிறேல்லை. மதிலைத்தான் பார்ப்பார். ஒருநாள் காவலுக்கு நிண்டவன் வெடி வச்சான். தண்ணியிலை பட்டுத் தெறிச்சது. வள்ளம் திரும்பிப் போட்டுது. முடிஞ்சுது, இனி வரமாட்டார் எண்டு நினைச்சன். அடுத்த நாள் விடிய மூட்டையோடை ஏறிப் பார்க்கிறன், அதே இடத்திலை நிக்கிறார்."

"நீங்கள் வந்தாப் பிறகு அவரைக் கேக்கேல்லையே?"

"என்னத்தைக் கேக்கிறது? அவரும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை. உங்களுக்கு அவர் சொல்லியிருப்பார் எண்டெல்லே நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன்."

அப்பா

அப்பா எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் வீட்டில் நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடிய முன்னம் அப்பா வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார். எங்கள் கோயில் பங்கில் ஒருவரும் தொழிலுக்குப் போகாத நாட்கள் அவை. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் அடுப்பே எரியவில்லை. நானும் அம்மாவும் வாகை மரத்தடிக்கு வெளிக்கிடும்போது அவர் ஈர வலையோடு திரும்பி வருவார். பறியில் நாலைந்து சின்ன மீன் கிடக்கும், சில நாட்களில் அதுவும் இல்லை. எங்களோடு வாசலுக்கு வரச்சொல்லி அம்மா கூப்பிட்டால், "நான் அங்கை வந்து என்ன செய்யிறது?" என்பார்.

அம்மா அதை மன்னிக்கவே இல்லை. அண்ணை திரும்பி வந்த பிறகும் மன்னிக்கவில்லை. வீட்டில் எந்தச் சண்டை தொடங்கினாலும், தேங்காய் வாங்க மறந்ததில் தொடங்கினாலும், கடைசியில் அங்கே வந்துதான் முடியும். "பிள்ளை உள்ளுக்கை கிடக்கேக்கையும் வலை இழுத்த மனுசன்." அப்பா எழும்பிக் கடற்கரைப் பக்கம் போய்விடுவார். ஒருநாளும் மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை. நானும் அம்மாவின் பக்கம்தான்.

பிறகு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தபோது அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. கடல் தெரியாத ஒரு சேமக்காலையில் அவரை அடக்கம் செய்தோம். அண்ணையால் வர முடியவில்லை.

மதிலின் மேல் நின்று இதையெல்லாம் அண்ணைக்குச் சொன்னேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டு கேட்டார். ஒரு நீர்க்காகம் முங்கி, வெகு தூரம் தள்ளி எழும்பியது.

கௌசி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அங்கிள், வாற ஆக்களுக்கு நான் இதைச் சொல்லலாமே? பேர் சொல்லாமல்?"

"என்னத்துக்கு பிள்ளை?" என்றார் அண்ணை. "வாற சனத்துக்கு நீ ஒல்லாந்தனைச் சொல்லி முடிக்கவே வெயில் ஏறிப்போடும்."

ஓட்டோவில்

திரும்பும்போது ஒரே கேள்விதான் எங்களோடு வந்தது. அம்மாவுக்குச் சொல்வதா, விடுவதா?

"சொல்லத்தான் வேணும்," என்றார் அண்ணை.

"இனி என்னத்துக்கு? அவவுக்கு எண்பத்தைஞ்சு தாண்டிப் போட்டுது. இவ்வளவு காலமும் அந்தக் கோபத்தோடை இருந்திட்டா. இப்ப போய் அது பிழையெண்டு சொன்னா, தாங்குவாவே?"

"அப்பாவுக்காகச் சொல்ல வேற ஆர் இருக்கினம்?"

அண்ணை நாளைக்கோ அடுத்த கிழமையோ விமானம் ஏறிவிடுவார். பிறகு இந்த நினைப்போடு அம்மாவின் பக்கத்தில் இருக்கப்போவது நான். இரவில் அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதும் நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஓட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்த வீட்டில் சொல்லாமல் விட்டவை போதும் என்று அப்போது தோன்றவில்லை. களைத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

அம்மா கேட்டது

அம்மா சாய்வுக் கதிரையில் இருந்தார். பால் தேத்தண்ணி ஊற்றிக் கையில் கொடுத்தேன்.

"ரெண்டு பேரும் எங்கை போட்டு வாறியள்? முகமெல்லாம் கறுத்துக் கிடக்கு."

"கோட்டைக்கு," என்றார் அண்ணை.

அம்மா கோப்பையை வாயிலிருந்து இறக்கினார். அண்ணை கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு முன்னால் இருந்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி மெல்லமெல்லச் சொன்னார். மண் மூட்டை, நீக்கல், வள்ளம், கோல் ஊன்றியது. நான் குசினி வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். அம்மா அழுவார் என்று நினைத்தேன். நெஞ்சைப் பிடிப்பார் என்றும் பயந்தேன். கையில் தொலைபேசியைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் அழவில்லை. கேள்வி கேட்டார்.

"வெடி வச்சவங்களே?"

"ஓம் அம்மா."

"பிறகும் வந்தவரே?"

"அடுத்த நாளும் வந்தவர். என்னை விடுறவரைக்கும் வந்தவர்."

அம்மா கோப்பையைப் பார்த்தார். வெளியே மீன்காரனின் ஹோர்ன் சத்தம் தெருவால் போய் மறைந்தது.

"உன்னைக் கண்டவரே?"

அண்ணை இதை எதிர்பார்க்கவில்லை. "தெரியேல்லை அம்மா. நான் கை காட்டேல்லை. காட்டினா அடி விழும். நீக்கலுக்குள்ளாலை நான்தான் அவரைக் கண்டனான்."

தேத்தண்ணியில் ஆடை படர்ந்துவிட்டது.

"காணேல்லை," என்றார் அம்மா கடைசியில். "கண்டிருந்தா ஓடி வந்து எனக்குச் சொல்லியிருப்பார். எனக்கு அந்த மனுசனைத் தெரியும். காணாதபடியாத்தான் ஒண்டும் சொல்லேல்லை. வள்ளத்திலை போறதைச் சொன்னா நான் பிறகு அதையும் நம்பிக்கொண்டு நிப்பன் எண்டு பயந்திருப்பார்."

அண்ணை எழும்பி முற்றத்துக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நான் சாப்பாட்டுக் கோப்பையிலை சோத்தைப் போட்டு வச்சிட்டு எழும்பிப் போடுவன்," என்றார் அம்மா. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "தனியத்தான் இருந்து சாப்பிடுவார். ஒருநாளாவது பக்கத்திலை இருந்திருக்கலாம்."

அவருடைய விரல்களைப் பிரித்துக் கோப்பையை வாங்கி மேசையில் வைத்தேன்.